அண்ணன் குளிக்கும் நேரத்து இரைச்சல்

ஏப்ரல் 12

இந்துஜா பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். அண்ணன் மகள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம்.

"சித்தப்பா, ரிசப்ஷன் அன்னிக்கு நான் மண்டபத்துக்குள்ள நடந்து வர்றப்ப நீங்க வாசிச்ச கிட்டார்தான் ஓடணும். சினிமாப் பாட்டெல்லாம் வேணாம்னு சொல்லிட்டேன். மே பத்துக்குள்ள ரெக்கார்ட் பண்ணி அனுப்பிடுங்க. அப்பாவுக்கு இப்போதைக்குத் தெரிய வேணாம்."

"நான் கல்யாணத்துக்கே வரப்போறதில்லையேம்மா."

"நீங்க வராட்டி போங்க. கிட்டார் வரட்டும்."

வைத்துவிட்டாள். அவளுக்கு முதன்முதலில் கிட்டாரில் விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த வாயும் என்னிடமிருந்துதான் போயிருக்கும் என்கிறாள் வசுமதி. என் மனைவி எப்போதும் எதிர்க்கட்சிதான்.

வரமாட்டேன் என்று ஏன் சொன்னேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் கதையை மாற்றிவிடக் கூடாது. அப்பா கட்டிய இந்த உறையூர் வீட்டில் நாங்கள் கீழே, அண்ணன் தணிகாசலம் குடும்பம் மேலே. தை மாதம் இந்துஜாவுக்கு நிச்சயதார்த்தம். மாடிப்படி இறங்கி வந்து, தட்டு வைத்து, "வேலு, வந்துடுடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படமாகப் போட்டார். எல்லோருக்கும் போல எனக்கும். நான் போகவில்லை. அன்றிலிருந்து பேச்சு இல்லை. போன வாரம் கல்யாணப் பத்திரிகை வந்தது. கூரியரில்! மேல் வீட்டிலிருந்து கீழ் வீட்டுக்குக் கூரியர். கொண்டுவந்தவர் அனுப்புநர் முகவரியையும் பெறுநர் முகவரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 13

வகுப்புகள் முடிந்துவிட்டன. நான் பாடம் நடத்தும் பாலிடெக்னிக்கில் இனி தேர்வு வேலை மட்டும்தான். மெட்டு தயாராக இருக்கிறது. என் சொந்த மெட்டு. மெதுவாக ஆரம்பித்து, அவள் மேடை ஏறும்போது கடைசிச் சுரம் நீண்டு நீண்டு அடங்க வேண்டும்.

கிட்டாரிலிருந்து ஒரு வயர் இன்டர்ஃபேஸ் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்கு. பெரிய பெரிய ஆம்ப்ளிஃபயர் எல்லாம் மென்பொருளுக்குள் படமாக இருக்கின்றன. எதை அழுத்துகிறோமோ அதன் சத்தம் ஹெட்ஃபோனில் வரும். எல்லாவற்றையும் சரியாகச் செருகி, ஹெட்ஃபோனை மாட்டி, பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

ங்ங்ங்ங்ங்ங்.

கம்பியைத் தொடவே இல்லை. அதற்குள் அந்த இரைச்சல். மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி.

ஏப்ரல் 14

தமிழ்ப் புத்தாண்டு. வயரை மாற்றினேன், போகவில்லை. கெயினை, அதாவது பெட்டிக்குள் வரும் சத்தத்தின் அளவை, குறைத்தேன். இரைச்சல் குறைந்தது, கூடவே கிட்டாரும் குறைந்தது. டியூப் லைட்டை அணைத்தேன். ஃபேன் ரெகுலேட்டர் செய்யும் வேலையோ என்று ஃபேனையும் நிறுத்திவிட்டு, வேர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாயசத்தைக் கொண்டுவந்த வசுமதி, "வருஷப் பொறப்பும் அதுவுமா இது என்ன தண்டனை?" என்றாள்.

மேலேயிருந்து போளி வாசனை வந்தது. அண்ணி வருஷா வருஷம் கொடுத்தனுப்புவார். இந்த வருஷம் வரவில்லை. எனக்கொன்றும் போளி அவ்வளவு பிடிக்காது.

ஏப்ரல் 16

கிட்டாரோடு நாற்காலியை நாலு திசைக்கும் திருப்பிப் பார்த்தேன். மானிட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் கீச்சென்ற சத்தம் போகிறது. அடியில் இருக்கும் 'ங்ங்' மட்டும் போவதாக இல்லை.

மென்பொருளில் 'நாய்ஸ் கேட்' என்று ஒன்று இருக்கிறது. வாட்ச்மேன் மாதிரி. சத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் கதவைச் சாத்திவிடும். போட்டேன். இரைச்சல் நின்றது! குஷியில் முழு மெட்டையும் வாசித்தேன். திருப்பிக் கேட்டால், கடைசிச் சுரம் நீளப்போகும் நேரம் பார்த்து வாட்ச்மேன் அதன் கழுத்தையும் பிடித்துத் தள்ளிவிட்டான். பிள்ளை மேடையை நோக்கி நடந்துகொண்டிருக்கும்போது பாட்டு பொசுக்கென்று நின்றால் எப்படி இருக்கும்? எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 18

வசுமதியின் பள்ளி லேப்டாப்பைக் கெஞ்சி வாங்கினேன். சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓடவிட்டேன். இரைச்சல் சுத்தமாக இல்லை! ஆனால் அந்த லேப்டாப்புக்கு இந்த மென்பொருளைச் சுமக்கத் தெம்பு இல்லை. படபடவென்று கடுகு பொரிகிற சத்தம். கடுகை நிறுத்த, சத்தத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபரைக் கூட்டினால், நான் கம்பியை மீட்டிக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வருகிறது. வாசிக்கவே முடியவில்லை.

ஒன்று தெரிந்துவிட்டது. தப்பு கிட்டாரில் இல்லை, மென்பொருளில் இல்லை. கரண்ட் வழியாக வருகிறது. எர்த் கோளாறு. இருபத்தைந்து வருஷமாக எலெக்ட்ரிக்கல் பாடம் நடத்துகிறவன் இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஏப்ரல் 19

கொல்லைப்புறம் எர்த் கம்பி மண்ணுக்குள் இறங்கும் குழியைத் திறந்து பார்த்தேன். காய்ந்து பாளமாக வெடித்துக் கிடக்கிறது. மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் இது ஒன்றுதான் குழி. கோடை வந்தால் தண்ணீர் ஊற்றுவது என் வேலையாக இருந்தது. தைக்கு அப்புறம் நான் ஏன் ஊற்ற வேண்டும் என்று விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

இரண்டு வாளி ஊற்றினேன். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. பாதிதான்.

ஏப்ரல் 22

ஒரு வேடிக்கை. வாசிக்காமல் ஹெட்ஃபோனை மட்டும் மாட்டிக்கொண்டு காலையிலிருந்து கேட்டேன். இரைச்சல் ஒரே மாதிரி இல்லை. திடீரென்று ஏறுகிறது, இறங்குகிறது. சில நேரம் லேசாக, கொசு மாதிரி. காலையில் ஒருமுறை மட்டும் பேயாட்டம். மத்தியானம் துணி சுழல்கிற மாதிரி ஏறி இறங்கி, நின்று, மறுபடி ஏறுகிறது.

துணி சுழல்கிற மாதிரி என்ன, துணிதான் சுழல்கிறது. மேலே அண்ணியின் வாஷிங் மெஷின். கொசு மாதிரி வருவது பாத்ரூம் லைட்டும் எக்ஸாஸ்ட் ஃபேனும். காலைப் பேயாட்டம் கீசர். திருச்சியில் சித்திரை வெயிலிலும் வெந்நீரில் குளிக்கிற ஒரே ஜீவன் என் அண்ணன்தான்.

எல்லாமே மேல் வீட்டு பாத்ரூம். பொங்கலுக்கு அப்புறம் அங்கே டைல்ஸ் போட்டு, புது சுவிட்ச் போர்டு வைத்தார்கள். உளிச் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்தத் தடவை கூப்பிடவில்லை.

ஏப்ரல் 23

மத்தியானத்துக்குள் கொசுச் சத்தம் பலமுறை வந்துவிட்டது. அண்ணி இன்று ஊரில் இல்லை, சமயபுரம் போயிருக்கிறார். அப்படியானால் பாத்ரூமுக்கு இத்தனை தடவை போகிறவர் அண்ணன். சர்க்கரை ஏறியிருக்கிறதா?

எனக்கென்ன வந்தது.

"அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வை. சுகர் டெஸ்ட் எடுக்கச் சொல்லு" என்றேன் வசுமதியிடம். அவளும் அண்ணியும் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பேசிக்கொள்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஹெட்ஃபோன்ல கேட்டுச்சு."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 25

மல்டிமீட்டரை எடுத்தேன். என் வீட்டு பிளக்கில் எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வைத்தேன். ஒன்றுமே காட்டக் கூடாது. கீசர் ஓடும்போது நாற்பது வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது.

புரிந்துவிட்டது. புது போர்டு வைத்தவன், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் எங்கேயோ அறுந்ததும், சுவரை மறுபடி உடைக்கச் சோம்பல்பட்டு, எர்த் வயரையே நியூட்ரலாகக் கொடுத்துவிட்டான். லைட் எரியும், கீசர் கொதிக்கும், வீட்டுக்காரர் காசு கொடுத்து அனுப்பிவிடுவார். ஆனால் அந்தக் கரண்ட் அத்தனையும் எர்த் வயர் வழியாக, அந்தக் காய்ந்த குழி வழியாகப் போகிறது. குழி பிடி விட்டால், கீசரின் உடம்பு, குழாய், என் கம்ப்யூட்டர் பெட்டி, கிட்டார் கம்பி, எல்லாவற்றிலும் முழு கரண்ட் நிற்கும். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லியிருக்கிறேன். செய்யாதீர்கள், ஆள் போய்விடுவான் என்று.

"மேல போய்ச் சொல்லுங்க" என்றாள் வசுமதி.

"கூரியர்ல அனுப்பட்டுமா?"

"வெளையாடாதீங்க."

இந்துஜாவிடம் போனில் சொன்னேன். அவள் அப்பாவிடம் சொல்வதாகச் சொன்னாள்.

ஏப்ரல் 26

இந்துஜா கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"சொன்னேன் சித்தப்பா. 'என் வீட்டு லைன்ல ஒரு கோளாறும் இல்ல, அவன் ஹெட்ஃபோனைக் கழட்டி வெச்சுட்டுத் தூங்கச் சொல்லு'ங்கறாங்க."

"அப்ப விடு."

"நீங்க நேர்ல ஒரு தடவை..."

"விடுன்னு சொல்றேன்ல?"

பிள்ளையிடம் கத்தியிருக்கக் கூடாது. அண்ணன் வீம்பு பிடித்த மனுஷன். அப்பா இருந்தபோதும் இப்படித்தான். தப்பு என்று தெரிந்தாலும் தலை ஆடாது. அதே அப்பாவுக்குத்தான் நானும் பிறந்தேன் என்பதை வசுமதி இப்போது சொல்லியிருக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 27

காலையில் குழிக்கு இரண்டு வாளி தண்ணீர். பதிவுக்காகத்தான். ஈரம் இருந்தால் இரைச்சல் குறையும்.

ஏப்ரல் 28

இரண்டு வாளி.

ஏப்ரல் 30

அண்ணன் குளிப்பதற்கு முன்னாலேயே எழுந்து ஊற்றிவிடுகிறேன். "மத்தியானம் தானே ரெக்கார்ட் பண்றீங்க, விடியக்காலைல எதுக்கு ஊத்துறீங்க?" என்று கேட்கிறாள் வசுமதி. மண் ஊற நேரம் வேண்டாமா? இவளுக்கு என்ன தெரியும்.

மே 2

அண்ணன் சர்க்கரை டெஸ்ட் எடுத்தாராம். ஏறித்தான் இருக்கிறதாம். மாத்திரை கூட்டியிருக்கிறார்கள். இந்தச் செய்தி மொட்டை மாடி வழியாக வந்தது.

மே 4

அக்னி நட்சத்திரம். மூன்று வாளி.

மே 5

இந்துஜா வந்துவிட்டாள். மேலே ஒரே சிரிப்பும் கும்மாளமும். சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் இறங்கி வந்தாள். பாதி இரைச்சலோடு இருந்த பதிவைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"மெட்டு சூப்பர் சித்தப்பா. ஆனா பின்னாடி யாரோ குறட்டை விடுறாங்க."

"உங்கப்பாதான்" என்றேன்.

சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்று, "நீங்க ரெண்டு பேரும் இப்படியே இருந்தா நான் என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டு அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன்.

மே 6

எழுத்து கோணலாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கக் கிட்டாரோடு உட்கார்ந்தேன். அண்ணன் குளிக்கப் போகும் நேரம். கொசுச் சத்தம் ஆரம்பித்தது. சரி, உள்ளே போய்விட்டார். கீசர் போட்டார். வழக்கமான பேயாட்டம். நடுவில் திடீரென்று ஹெட்ஃபோனில் ஓர் அலறல். இதுவரை கேட்காத அளவு. என்னவென்று கம்பியில் கை வைத்தேன். சுளீரென்று ஒரு அடி. கிட்டார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நாற்காலி பிளாஸ்டிக், காலில் ரப்பர் செருப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குழியில் எர்த் கம்பி அறுந்துவிட்டது. நினைத்துப் பார்க்கவே இல்லை, கால் ஓடிவிட்டது. மீட்டர் பெட்டி கீழேதான், மாடிப்படிக்கு அடியில். மேல் வீட்டு மெயினைப் பிடித்து இழுத்தேன். அப்புறம் படியில் நின்றுகொண்டு கத்தினேன்.

"அண்ணே!"

இன்னும் உரக்க.

"அண்ணே! குழாயத் தொடாதீங்க! அண்ணே!"

ஒரு சத்தமும் இல்லை. தை மாதத்திலிருந்து அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. இன்று வந்தபோது கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டதோ என்று நினைத்தேன். படியைப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி கூப்பிட்டேன். அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதேன்.

அப்புறம் மேலேயிருந்து அந்தக் குரல்.

"எவன்டா அவன் கரண்ட நிறுத்துனது? கண்ணெல்லாம் சோப்புடா!"

அதைவிட நல்ல திட்டை என் வாழ்நாளில் நான் வாங்கியதில்லை.

பிறகு தெரிந்தது இதுதான். லைட் போனதும் ஃபியூஸ் என்று நினைத்து, இருட்டில் நின்று அண்ணியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கதவு மூடிய பாத்ரூம், என் குரல் கேட்கவில்லை. கண்ணைக் கழுவக் குழாயைத் திறக்கலாம் என்று கையை நீட்டியிருக்கிறார். பழைய பித்தளைக் குழாய். அதற்குள் அண்ணி, "கீழ தம்பி கத்துறாப்ல, என்னன்னு பாக்குறேன்" என்று குரல் கொடுத்ததும் கையை இழுத்துக்கொண்டாராம். அதற்கு முன்னாலேயே நான் மெயினை இழுத்திருந்தேன். இருந்தாலும் போய் மெயின் இறங்கித்தான் இருக்கிறதா என்று மறுபடி பார்த்துவிட்டு வந்தேன்.

அண்ணிக்கு அந்தக் குழாயில் ரொம்ப நாளாகவே சுர்ரென்று இருந்ததாம். யாரிடமும் சொல்லவில்லை. நரம்புக் கோளாறு என்று நினைத்துக்கொண்டாராம்!

மே 7

போர்டைப் பிரித்தேன். நான் நினைத்தது அப்படியே. பச்சை வயர் நியூட்ரலில் உட்கார்ந்திருந்தது. பக்கத்து அறையிலிருந்து புதிதாக நியூட்ரல் இழுத்தேன். அண்ணன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தார். தலையில் துண்டு.

"இப்படியாடா லைன் குடுப்பான் ஒருத்தன்?" என்றார் கடைசியில்.

"என்னைக் கூப்பிட்டிருந்தா நான் வந்து பாத்திருப்பேன்ல?"

"நீதான் நிச்சயத்துக்கே வரலையே."

"கூப்பிட்டீங்களா?"

டார்ச் வெளிச்சம் என் முகத்துக்கு வந்தது.

"கூப்பிட்டாத்தான் வருவியா? நேத்து யாருடா உன்னக் கூப்பிட்டா?"

ஸ்க்ரூடிரைவர் கையிலிருந்து நழுவியது. அதைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். அண்ணன் அதைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார், எடுக்க விடவில்லை.

கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் கொடுத்தார். மண்டபத்து ஜெனரேட்டர்காரர் நம்பர். "லைட்டு, ஜெனரேட்டர், மைக் செட்டு எல்லாம் நீ பாத்துக்க. எனக்கு அவனுங்களோட மல்லுக்கட்ட முடியாது."

வசுமதியிடம் காட்டினேன். "இது அழைப்பு ஆகுமா?" என்றேன்.

"பொழப்பத்த கேள்வி கேக்காம அந்தாளுக்குப் போனப் போடுங்க."

போட்டேன்.

மே 8

குழிக்குப் புதுக் கம்பி, புது கிளாம்ப், கரி, உப்பு எல்லாம் போட்டாகிவிட்டது. மத்தியானம் ஹெட்ஃபோனை மாட்டினேன். மேலே வாஷிங் மெஷின் ஓடுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. ஹெட்ஃபோனில் ஒன்றுமே இல்லை. அவ்வளவு அமைதி. இந்துஜாவின் மெட்டை ஒரே மூச்சில் வாசித்தேன். கடைசிச் சுரம் அடங்கும்வரை விரலை எடுக்கவில்லை.

அனுப்பிவிட்டேன்.

அப்புறம் அந்த அமைதியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மேலே யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியவில்லை. ஒரு மாதிரி இருந்தது. எழுந்து மேலே போனேன். "காபி குடிக்கிறியா?" என்றார் அண்ணி. குடித்தேன்.

மே 11

அண்ணன் சர்க்கரை போட்ட காபி கேட்டு அண்ணியிடம் சண்டை. நான் அண்ணி பக்கம்.

மே 18

மண்டபத்திலிருந்து வந்து எழுதுகிறேன். நாளைக் காலை முகூர்த்தம், தூங்க வேண்டும். இதை எழுதாமல் தூக்கம் வராது.

மத்தியானமே போய் ஜெனரேட்டர், லைட், மைக் செட் எல்லாம் பார்த்தேன். எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொன்னேன். சரியாகத்தான் இருந்தது. சாயங்காலம் ஆட்கள் வந்து நிறைந்தார்கள். அண்ணனும் நானும் மேடைக்குப் பக்கத்தில் நின்றோம். ஒரே மாதிரி வேட்டி, சட்டை. அண்ணி எடுத்து வைத்திருந்தார்.

வாசலில் விளக்கைக் குறைத்தார்கள். இந்துஜா வந்து நின்றாள். மைக் செட்காரர் என் மெட்டைப் போட்டார்.

கிட்டாருக்கு முன்னால் வந்தது இரைச்சல். ங்ங்ங்ங். ஸ்பீக்கர் பூராவும். கேட்டரிங்காரர்கள் ஏதோ ஒரு அடுப்பையோ ஃபிரீசரையோ அதே லைனில் செருகியிருக்கிறார்கள். கிட்டார் அதற்கு மேல் கேட்கிறதுதான், ஆனால் அந்தக் குறட்டையும் கூடவே கேட்கிறது. ஒரு மாதம் நான் பட்ட பாடு அத்தனையும் வீண். மத்தியானம் பார்த்ததால் எந்த பிளக் பாயிண்ட் என்று எனக்குத் தெரியும். சமையல்கட்டுப் பக்கம் ஓடிப்போய்ப் பிடுங்கிவிட்டு வந்துவிடலாம். ஒரு நிமிஷ வேலை. திரும்பினேன்.

மணிக்கட்டை அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"எங்கடா போற?"

"இரைச்சல் வருதுண்ணே. இப்ப சரி பண்ணிட்டு..."

"அது கெடக்குது. நில்லுடா. பொண்ணு வர்றா பாரு."

பார்த்தேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தபடி நடந்து வந்தாள். அவள் அப்பாவின் உள்ளங்கை வேர்த்திருந்தது. மேடை ஏறி, மாலை போட்டு, போட்டோக்காரர் எங்களைக் கூப்பிடும்வரை அவர் என் கையை விடவில்லை.